நிலத்துக்குச் சேதம் இல்லை

புதிதாக வேலையில் சேர்ந்திருக்கும் உங்களுக்கு நான் என்ன சொல்லித் தர முடியும்? செல்போனில் பயிர் விவரம் ஏற்றுவதை நீங்கள்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்தீர்கள். மண் மாதிரி எடுப்பது, விதை மானியத்துக்கு மனு வாங்குவது, கிடங்கில் உரம் இருப்பு பார்ப்பது எல்லாம் கொஞ்ச நாளில் கைக்கு வந்துவிடும். எந்தப் பயிற்சி வகுப்பிலும் சொல்லித் தராத ஒரு விஷயம் இருக்கிறது. வேட்டி மடிப்புக் கலையாத ஒருவர் உங்கள் எதிரில் நிற்பார். கையில் பட்டா இருக்கும். ரொம்ப மரியாதையாக, "இதை மட்டும் இப்படி எழுதிக்கங்க மேடம்" என்பார். காகிதத்தில் பார்த்தால் அவர் கேட்பதில் பெரிய தப்பும் தெரியாது. அதற்குள் மேலே இருந்து போனும் வந்திருக்கும். அந்த நேரத்தில் என்ன செய்வது என்பதைத்தான் சொல்லப் போகிறேன். உதவி வேளாண்மை அலுவலராக வேலை முழுவதையும் விழுப்புரம் மாவட்டத்துக்குள்ளேயே சுற்றி முடித்தவள் நான். அதில் ஒரு புயல் வருடத்துக் கதை இது.

அதற்கு முன்னால் என்னைப் பற்றி ஒரு வார்த்தை. நான் திண்டிவனத்துக்காரி. அப்பா கமிட்டியில், அதாவது நெல்லும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் ஏலம் போகிற ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில், மூட்டை தூக்கினார். அம்மா களை எடுக்கப் போனார். எங்களுக்கு ஒரு சென்ட் நிலம் கிடையாது. ஊர் ஊராகப் போய் உரத்தைப் பற்றியும் பூச்சியைப் பற்றியும் பேசும்போது, "உங்களுக்கு எத்தினி ஏக்கருங்க?" என்று கட்டாயம் யாராவது கேட்பார்கள். "ரெண்டு தொட்டிங்க, ஒண்ணுல ரோஜா, இன்னொண்ணுல கற்பூரவல்லி" என்பேன். சிலர் சிரிப்பார்கள். சிலர் அதற்கப்புறம் எனக்கு நாற்காலி போட மாட்டார்கள். அந்த வீடுகளில் நான் நின்றுகொண்டேதான் பேசினேன். நின்றால் எனக்குக் குரல் இன்னும் நன்றாக வரும்.

அந்த வருடம் கார்த்திகையில் புயல் அடித்தது. ஒலக்கூர் பக்கத்தில் ஏரிக்கரையை ஒட்டிய ஒரு ஊர் என் பொறுப்பில் இருந்தது. சம்பா நெல் கதிர் முற்றி, இன்னும் கொஞ்ச நாளில் அறுக்கலாம் என்ற நேரம். ஏரி நிரம்பி வழிந்து வயலெல்லாம் தண்ணீர் நின்றது. வடிந்தபோது பயிர் பாய் விரித்தது போலப் படுத்துக் கிடந்தது. கதிரிலேயே நெல் முளை விட்டிருந்தது. அது என்ன நஷ்டம் என்று புரிய விவசாயக் குடும்பத்தில் பிறந்திருக்க வேண்டும் என்றில்லை.

பயிரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போயிருந்தால் அரசு இடுபொருள் மானியம் கொடுக்கும். விட்டது எல்லாம் திரும்பி வராது. அடுத்த விதைப்புக்கு ஒரு கை கொடுக்கும், அவ்வளவுதான். வருவாய்த் துறையும் நாமும் சேர்ந்து கணக்கெடுக்க வேண்டும். அந்த ஊர் வி.ஏ.ஓ. நல்ல பிள்ளை. கிராமக் கணக்கு முழுவதும் அவர் கையில். நாங்கள் போவதற்கு முன்பே மழையோடு மழையாக வயல் வயலாக நடந்து பெயர் எழுதி வைத்துவிட்டார். எழுதியதை வாங்கிப் பார்த்தேன். பாதிப் பேர் அந்த ஊரிலேயே இல்லாதவர்கள். சென்னை, பாண்டி, ஒருவர் சிங்கப்பூர்.

"சிங்கப்பூர்ல இருக்கறவரு இங்க வந்து நாத்து வுட்டாரா தம்பி?" என்று கேட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. தான் எதையும் கற்பனையாக எழுதவில்லை என்றார். ஒவ்வொரு வயலிலும் நின்று, அங்கே இருந்தவர்களிடம் "இது யாருதுங்க?" என்று கேட்டு, அவர்கள் வாயால் சொன்னதைத்தான் எழுதினாராம்.

அவர் சொன்னது முழு உண்மை. அதுதான் நம் பக்கத்து வழக்கம். குத்தகைக்கோ, விளைச்சலில் பங்கு கொடுக்கிற வாரத்துக்கோ பயிர் வைப்பவர்கள் யாரும் "என் பயிரு" என்று சொல்ல மாட்டார்கள். விதை வாங்கியது அவர்கள், உழவுக்கு டிராக்டருக்குக் கொடுத்தது அவர்கள், இரவில் மோட்டார் போடக் கண் விழித்தது அவர்கள். ஆனால் யாருது என்று கேட்டால் நிலத்துக்காரர் பெயரைத்தான் சொல்வார்கள். பொய் சொல்ல வேண்டும் என்று இல்லை. கேட்டதும் வாயில் வருவது அதுதான். வாய்ப்பேச்சுக் குத்தகை, எழுத்தே கிடையாது. வெளியூரிலிருந்து வந்தவர் என்றால் இரண்டாவது கேள்வி கேட்டிருப்பார். வி.ஏ.ஓ. தம்பி மரக்காணம் பக்கத்துக்காரர், அவர் வீட்டிலும் இப்படித்தான் பேசுவார்கள், அதனால் அவருக்கு அது உறைக்கவே இல்லை.

மறுநாள் இருவரும் சேர்ந்து போனோம். முதல் வயலில் ஒரு பெண் முழங்கால் சேற்றில் நின்று, படுத்த கதிரை அரிவாளால் நிமிர்த்தி, மாட்டுக்காவது ஆகுமா என்று பார்த்து அறுத்துக்கொண்டிருந்தார். ஆரோக்கியமேரி. நாற்பதுகளில் இருப்பார். காலனியில், மாதா கோயிலுக்குப் பின் தெருவில் வீடு. வேண்டுமென்றே வி.ஏ.ஓ. கேட்ட மாதிரியே கேட்டேன்.

"எங்க ஐயாதுங்க மேடம். பாண்டில கீறாரு" என்றார்.

"வெதை யாரும்மா வாங்கனது?"

"நான்தாங்க. ஒலக்கூர் டிப்போல."

"நடவுக் கூலி?"

"அதுவும் நான்தாங்க. மகளிர் குழுவுல லோன் எடுத்து குடுத்தேன்."

"அப்ப இது யாரு பயிரு?"

மேரி என்னைப் பார்த்தார், வி.ஏ.ஓ.வைப் பார்த்தார். ஏதோ தப்பான பேச்சுக்கு இழுக்கிறேன் என்று நினைத்தாரோ என்னவோ. வி.ஏ.ஓ. தம்பிதான் பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்தார். கேள்வி தப்பு என்று அவருக்கு அப்போதே புரிந்துவிட்டது.

அதற்குள் ஏரிக்கரை மேல் ஒரு கார் வந்து நின்றது. இறங்கியவர் நிலத்துக்காரர் சிவப்பிரகாசம். பாண்டியில் கடை வைத்திருப்பவர், அறுபதைத் தாண்டியவர், குரலை உயர்த்தத் தெரியாதவர். எனக்கு வணக்கம் சொன்னார். மேரியிடம் சாப்பிட்டாயா என்று விசாரித்தார். அவரைக் கெட்ட மனிதர் என்று நினைத்துவிடாதீர்கள். கெட்டவர் என்றால் நம் வேலை சுலபம், திட்டிவிட்டுப் போய்விடலாம்.

மானியம் கேட்பவர் சேதமான வயலில் நிற்கிற மாதிரி படம் எடுத்து ஏற்ற வேண்டும் என்பது விதி. அதற்காகத்தான் வந்திருந்தார். எங்கே நிற்கட்டும் என்று கேட்டு, வயலில் இறங்காமல் வரப்பு மேலேயே நின்றுகொண்டார். நான் போனை உயர்த்தினேன். பின்னால் மேரி அரிவாளோடு தெரிந்தார். அவரை யாரும் விலகச் சொல்லவில்லை. தானாகவே பார்த்து, படத்தில் தன் தலை விழுந்துவிடக் கூடாது என்று அந்தச் சேற்றிலேயே குந்தி உட்கார்ந்து, தலையையும் குனிந்துகொண்டார்.

போனை எடுத்துப் பைக்குள் போட்டேன்.

"இன்னா மேடம், சார்ஜ் இல்லையா?" என்றார் சிவப்பிரகாசம்.

"சார்ஜ் இருக்குங்க. இந்தப் பயிர வச்சது யாரு?"

"நிலம் என்னுதும்மா. பட்டா, சிட்டா எல்லாம் கொண்டாந்திருக்கேன்."

"நிலத்துக்குச் சேதம் இல்லைங்க. அது அங்கியேதான் கீது, புயல் ஒண்ணும் தூக்கிக்கினு போவல. பயிருதான் போச்சு. அது யாருதுன்னு கேக்கறேன்."

வி.ஏ.ஓ. தம்பி திரும்பி ஏரியைப் பார்த்துக்கொண்டார். சிவப்பிரகாசத்துக்குக் கோபம் வரவில்லை. நிதானமாக விளக்கினார். பணம் தன் கணக்குக்கு வந்ததும் பாதியை மேரியிடம் கொடுத்துவிடுவாராம். போன வெள்ளத்திலும் கொடுத்தாராம். வேண்டுமானால் அவளையே கேட்டுப் பாருங்கள் என்றார். சேற்றில் உட்கார்ந்தபடியே மேரி ஆமாம் என்று தலையாட்டினார். சிவப்பிரகாசத்தின் பயம் பணத்தைப் பற்றியது இல்லை. மேரியின் பெயர் அரசுக் காகிதத்தில் பயிர் செய்பவர் என்று ஏறிவிட்டால், நாளைக்கு அவளை நிலத்தை விட்டு எழுப்ப முடியாது, நிலத்தை விற்கவும் முடியாது, கோர்ட்டுக்கு நடக்க வேண்டும். அவர் தம்பி நிலம் அப்படித்தான் மாட்டிக்கொண்டதாம்.

"உங்க கஷ்டம் எனக்குப் புரியுதுங்க. ஆனா நான் நெல்லுக்கு வந்தவ" என்று சொல்லிவிட்டுப் படம் எடுக்காமலே கிளம்பினேன். ஸ்கூட்டரில் திண்டிவனம் வந்து சேரும் வரைக்கும் நெஞ்சு நிமிர்ந்தே இருந்தது, பெரிதாகச் சாதித்துவிட்டவள் மாதிரி.

அலுவலகத்தில் எங்கள் உதவி இயக்குநர் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்தார். பெயர் சொல்லவில்லை, அவருக்குப் பிடிக்காது. போன் வந்துவிட்டது, யாரிடமிருந்து என்று கேட்காதே என்றார். நான் கேட்கவில்லை. அதற்குப் பதிலாக ஒரு பிரசங்கமே செய்தேன். உத்தரவில் பயிர் செய்தவருக்கு என்று இருக்கிறது, வரப்பில் நிற்பவருக்கு என்று இல்லை, ஒரு பெண் போட்டோவுக்குப் பயந்து சேற்றில் உட்காருகிறாள், இதைப் பார்த்துவிட்டும் எழுதாவிட்டால் நாம் எதற்கு இந்த வேலையில் இருக்கிறோம், என்னை எங்கே வேண்டுமானாலும் தூக்கிப் போடுங்கள், நான் மேரி பெயரைத்தான் எழுதுவேன். அவர் தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே எல்லாவற்றையும் கேட்டார்.

"அந்தம்மாவக் கேட்டியா?" என்றார்.

"எத சார்?"

"பேர எழுதலாமான்னு. நீ எழுதிட்டு, டிரான்ஸ்பர்ல எங்கியோ போய்க்கினு இருப்ப. சம்பளம் ஒண்ணாம் தேதி வரும். அவங்க அந்த ஊர்லதான இருக்கணும்?"

போனுக்குப் பயந்து அவர் நழுவியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். ஆனால் அவர் எழுதாதே என்று சொல்லவில்லை. "கேட்டுட்டு வா. அவங்க இன்னா சொல்றாங்களோ அதுல நான் கையெழுத்துப் போடறேன். போனு பண்ணவருக்கு நான் பதில் சொல்லிக்கறேன்" என்றார். என்னுடைய மொத்த சர்வீசிலும் இவ்வளவு சின்னக் கேள்வியில் என்னை உட்கார வைத்தவர் வேறு யாரும் இல்லை. அந்தக் கேள்வியை நீங்கள் எழுதி வைத்துக்கொண்டாலும் தப்பில்லை. நமக்கு வீரம் பொங்கும்போது அது யார் சோற்றில் கை வைக்கிறது என்று பார்க்க வேண்டும்.

சாயங்காலம் மேரி வீட்டுக்குப் போனேன். அடுப்பில் கேப்பைக் களி கிண்டிக்கொண்டிருந்தார். கணவர் செல்வராஜ் கமிட்டியில் சுமை வேலை, என் அப்பா பார்த்த அதே வேலை. மகள் பன்னிரண்டாம் வகுப்பு, வாசலில் விளக்குக்கு அடியில் படித்துக்கொண்டிருந்தாள். அங்கே உட்கார்ந்த பிறகுதான் விஷயம் எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரிந்தது. பயிர் போன செய்தி கேட்டதுமே செங்கல் சூளை மேஸ்திரி ஆள் அனுப்பிவிட்டாராம். முன்பணம் வாங்கினால் தை பிறந்ததும் குடும்பத்தோடு சூளைக்குப் போய், மழைக்காலம் வரை அங்கேயே கிடக்க வேண்டும். தனியாக விட்டுப் போக முடியாது என்று மகளையும் கூட்டிக்கொண்டுதான் போக வேண்டும். பரீட்சை பங்குனியில். முன்பு ஒரு தடவை சூளைக்குப் போனபோது பெரிய பையனின் படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டது. இப்போது அவன் சென்னையில் கட்டட வேலை செய்கிறான்.

மானியம் முழுதாக வந்தால் குழுத் தவணையைக் கட்டிவிட்டு, நிலத்தில் மல்லாட்டை போட்டு, சூளைக்குப் போகாமல் தப்பிக்கலாம். ஐயா கொடுக்கும் பாதி என்றால் போதாது. ஆனால் பெயரை எழுதினால் நிலமே போய்விடலாம். நான் இரண்டையும் ஒளிக்காமல் சொன்னேன். சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது, ஆனால் வழக்கு என்று போனால் வருடக்கணக்கில் இழுக்கும், அதற்கு நான் கூட வர முடியாது என்றும் சொன்னேன். எது செய்தால் நல்லது என்று நான் சொல்லவில்லை. அப்படி வாயை மூடிக்கொண்டிருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று என்னோடு வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும்.

செல்வராஜ் உடனே வேண்டாம் என்றார். "இத்தினி வருசமா வச்சிக்கினு இருக்கற நெலம் மேடம். இதுக்குன்னு பேஜாரு பண்ணிக்க முடியாது. பாதின்னா பாதி வரட்டும்." அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. மேரி களியை இறக்கி வைத்துவிட்டு என்னைக் கேட்டார்.

"என் பேரு எழுதனா, அது எங்க வரைக்கும் போவும்?"

"கலெக்டர் ஆபீசு வரைக்கும் போவும்."

"இந்தப் பயிர வச்சது நான்னு அங்க தெரியுமா?"

"தெரியும்."

மேரி கணவரைப் பார்த்துத்தான் சொன்னார், என்னைப் பார்த்து இல்லை. "அவரு கையால குடுத்தா அது தருமம். போன தடவ வாங்கறப்ப கும்பிடு போட்டு வாங்கனேன். நட்டது நானு, கும்பிடறதும் நானா? எழுதட்டும்."

செல்வராஜ் எழுந்து வெளியே போனார். வாசலில் மகள் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றார். திரும்பி வந்து, "எழுதுங்க" என்றார். அவர் முகத்தில் சந்தோஷம் ஒன்றும் இல்லை.

மறுநாள் வி.ஏ.ஓ. தம்பி நான் சொல்லாமலே ஊர் முழுக்கத் திரும்பவும் நடந்தார். இந்தத் தடவை "பயிர் வச்சது யாரு?" என்று கேட்டார். குத்தகைக்காரர்களில் முக்கால்வாசிப் பேர், எங்களுக்கு வம்பு வேண்டாம், நிலத்துக்காரர் பெயரே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்கள். அவர்களை நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நீங்களும் கேட்காதீர்கள், கோழை என்று மனசுக்குள்ளும் நினைக்காதீர்கள். ஒரு சிலர் மட்டும் எழுதச் சொன்னார்கள். மேரியை அவர் வயலின் நடுவில் நிற்க வைத்துப் படம் எடுத்தேன். கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் தவித்தார். வி.ஏ.ஓ. தம்பி பழக்கதோஷத்தில் "கொஞ்சம் சிரிங்க" என்றார். சேதத்துக்குப் படம் எடுக்கும்போது எதற்குச் சிரிப்பது என்று அவரை ஒரு பிடி பிடித்தேன். அதைக் கேட்டு மேரி சிரித்துவிட்டார். வேறு படம் எடுக்க வேண்டியதாயிற்று.

பட்டியல் வெளியானதும் சிவப்பிரகாசம் ஆட்சேபம் கொடுத்தார். வட்டாட்சியர் அலுவலகத்தில் விசாரணை. அவர் எழுதிக் கொடுத்திருந்ததைப் படித்தபோது எனக்கு ஆத்திரம் பொங்கியது. பயிர் தன்னுடையது, ஆரோக்கியமேரி தினக்கூலிக்கு வந்த ஆள், அவ்வளவுதான் என்று இருந்தது. யாரோ வக்கீல் எழுதிக் கொடுத்த வாசகம். அப்படி எழுதினால்தான் நிலம் தப்பும் என்று சொல்லியிருப்பார்கள். குத்தகைக்கு எழுத்து எதுவும் இல்லை. விதை வாங்கிய ரசீது புயலில் நனைந்து போயிருந்தது. மேரியின் வாயைத் தவிர வேறு ஆதாரம் கிடையாது. நான் பேச எழுந்தேன். வட்டாட்சியர் என்னை உட்காரச் சொல்லிவிட்டார். சம்பந்தப்பட்டவர்கள் பேசட்டும் என்றார்.

மேரி தனியாக வரவில்லை. அவர் வயலில் நடவு நட்ட பெண்கள் அன்றைய கூலியை விட்டுவிட்டு பஸ் பிடித்து வந்திருந்தார்கள். நடவு ஆட்களுக்குத் தலைவி அஞ்சலை. வட்டாட்சியர் அவரிடம், கூலி யார் கொடுத்தது என்று கேட்டார். மேரி கொடுத்தாள் என்றார். நிலத்துக்காரர் கொடுத்து அனுப்பிய பணமாகவும் இருக்கலாம் அல்லவா என்று கேட்டார் வட்டாட்சியர். அவர் கேட்டது சரியான கேள்விதான்.

அஞ்சலை அசரவில்லை. "காசு யாருதுன்னு எங்களுக்குத் தெரியாது சார். ஆனா நடவு முடிஞ்சா கடேசி நாத்து முடிய யாரு கால்ல வைப்போம்?" என்றார்.

உங்களில் நகரத்திலிருந்து வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். நடவு முடிகிற அன்றைக்குப் பெண்கள் கடைசி நாற்று முடியை, அதாவது நாற்றுக் கட்டை, கொண்டுவந்து பயிர்க்காரர் காலடியில் வைத்து வழி மறிப்பார்கள். அவர் ஏதாவது இனாம் கொடுத்தால்தான் விடுவார்கள். கூலி வேறு, இது வேறு. யார் வீட்டில் அந்த நெல் போய்ச் சேருமோ அவர் காலில்தான் வைப்பார்கள். வேறு யார் காலிலாவது வைத்தால் பயிருக்கு ஆகாது என்று நினைப்பார்கள்.

"மேரி கால்லதான் வச்சோம்" என்றார் அஞ்சலை. "அன்னிக்கு இந்த ஐயா கார்ல வந்தாரு. கரை மேலயே நின்னு பாத்தாரு. நாங்க அவர மறிக்கல. வழி வுட்டுட்டோம்."

வட்டாட்சியர் சிவப்பிரகாசத்தின் பக்கம் திரும்பினார். "ஒரு தடவையாவது உங்க கால்ல வச்சிருக்காங்களா?" என்று கேட்டார்.

வைத்தார்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் வார்த்தைக்கு எதிராகக் கூலிப் பெண்களின் வார்த்தை, யாரை நம்புவார்கள் என்று நமக்கெல்லாம் தெரியும். அவர் வக்கீல்கூட ஏதோ சொல்ல வாயெடுத்தார். சிவப்பிரகாசம் கையைக் காட்டி அவரை நிறுத்தினார்.

"எங்கப்பா கால்ல வச்சாங்க. அப்ப நாங்களே பயிர் வச்சோம். எனக்கு வச்சதில்ல" என்றார். சொல்லிவிட்டு மேசையைப் பார்த்தபடி இருந்தார். அந்த ஒரு பதிலுக்காக அவர்மேல் எனக்கு இன்றைக்கும் மரியாதை உண்டு. அதற்கு அப்புறம் அவர் செய்ததற்காகக் கோபமும் உண்டு. இரண்டையும் விட்டுவிட நான் தயாராக இல்லை.

மானியம் மேரியின் கணக்கில் ஏறியது. சூளை மேஸ்திரியின் ஆள் வெறுங்கையோடு திரும்பிப் போனான். மகள் பரீட்சை எழுதினாள். இதோடு முடித்தால் கதை நன்றாக இருக்கும். ஆனால் உங்களிடம் பாதியைச் சொல்லிவிட்டுப் போக எனக்கு இஷ்டம் இல்லை. தை மாதமே சிவப்பிரகாசம் நிலத்தைத் திரும்பக் கேட்டார். மல்லாட்டை போட விடவில்லை. கத்தவில்லை, மிரட்டவில்லை, வழக்கம்போல் மரியாதையாகத்தான் கேட்டார். வழக்குப் போடலாம் என்று மேரியிடம் நான் சொன்னேன். வேண்டாம், கோர்ட்டுக்கு நடக்கிற நேரத்தில் வேறு வேலை பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார். சிவப்பிரகாசம் அந்த வயலில் சவுக்கு வைத்தார். இந்தப் பக்கம் குத்தகைக்காரர்களை வெளியேற்ற நினைக்கும் நிலத்துக்காரர்கள் அதைத்தான் செய்கிறார்கள். நட்டுவிட்டால் வருடக்கணக்கில் யாரும் உள்ளே கால் வைக்க வேண்டாம். நெல் விளைந்த இடத்தில் சவுக்கு நிற்பதைப் பஸ்ஸிலிருந்து பார்த்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

எனக்கும் மாறுதல் வந்தது, இரும்பை என்கிற ஊர்ப் பக்கம். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்றார்கள். சரி என்றேன். சம்பந்தம் இருந்திருந்தாலும் நான் அதையேதான் செய்திருப்பேன், இதையும் அவர்களிடம் சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால், ஒரு கூட்டத்துக்காக ஒலக்கூர் போனபோது விதை டிப்போ வாசலில் மேரியைப் பார்த்தேன். திண்டிவனத்தில் ஒரு வாத்தியாரின் நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்திருந்தார். முன்பு வைத்திருந்ததைவிடச் சின்ன நிலம், கிணறும் பங்குக் கிணறு. ஆனால் கிராமக் கணக்கில் பயிர் செய்பவர் என்று தன் பெயரை எழுத விடுவீர்களா என்று முதலில் கேட்டுவிட்டுத்தான் சம்மதித்தாராம். இரண்டு பேர் முடியாது என்று சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். மூன்றாவது ஆள்தான் இந்த வாத்தியார். மகள் நர்சிங் படிப்பதாகச் சொன்னார். மானிய விலையில் மல்லாட்டை விதை வாங்க வந்திருந்தார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. கொஞ்ச நேரம் அதையும் இதையும் பேசிவிட்டு, நான் உங்கள் பேரை எழுதப் போய்தானே அந்த நிலம் உங்கள் கையை விட்டுப் போயிற்று என்று சொல்லிவிட்டேன். ஏரிக்குக் கீழே நல்ல வண்டல் பூமி அது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்கவும் இல்லை.

மேரி கையிலிருந்த ரசீதை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்க எங்க மேடம் எழுதனீங்க? எழுதச் சொன்னது நானு" என்றார். "கொஞ்சம் அப்டி நவுருங்க, மூட்டையத் தூக்கணும்."

நான் நகர்ந்து நின்றேன்.